மூளைக்குள்ள ஒரு கற்கண்டு

1901 நவம்பர். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் அகஸ்டே டீட்டர் என்ற பெண்ணைச் சேர்க்கிறாங்க. வயசு 51. நம்மில் பலரோட அம்மா, அப்பா வயசுதான். டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் அவர்கிட்ட கணவர் பெயரைக் கேட்கிறார். அதுக்கும் தன் பெயரையே சொல்கிறார் அந்த அம்மா.

1906இல் அவர் இறந்த பிறகு, அல்சைமர் அவரோட மூளையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாக ஏதோ படிஞ்சிருந்தது. உள்ளே நூல் சிக்கு மாதிரி முடிச்சுகள். ரெண்டுமே புரதம்தான்னு தெரிய பல வருஷம் ஆச்சு.

வெளியே இருப்பது அமிலாய்டு பீட்டா. சுமார் 40 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டித் துண்டு. இது எல்லார் மூளையிலும் உருவாகும், வெளியேறிடும். ஆனா ஒரு புரதம் எப்படி மடிஞ்சிருக்குங்கிறது ரொம்ப முக்கியம். தப்பா மடிஞ்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கற்கண்டு செய்யும்போது பாகுக்குள்ள நூல் கட்டி விடுவாங்களே, நூல்ல முதல் படிகம் உட்கார்ந்துட்டா அப்புறம் சர்க்கரை தானா வந்து படியும். அதே கதைதான் இங்கேயும். முதல் கட்டி உருவாகத்தான் நாளாகும்; உருவாயிட்டா அதுவே அச்சாக மாறி மத்ததையும் இழுத்துக்கும்.

உள்ளே இருப்பது டாவ் புரதம் (நம்ம ஊர் டாவு இல்லைங்க!). நியூரானுக்குள்ள சரக்கு போகும் தண்டவாளத்தைப் பிடிச்சு வைக்கும் சிலீப்பர் கட்டை மாதிரி இது. அது கழண்டு முடிச்சாகிட்டா தண்டவாளம் ஆட்டம் காணும், கடைசியில செல்லே செத்துப்போகும்.

அப்போ திட்டுகளைக் கழுவி எடுத்துட்டா சரியாகிடுமா? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனமாப் மருந்து அதைத்தான் செய்யுது. 18 மாத சோதனையில் நோய் முற்றும் வேகம் சுமார் 27% குறைஞ்சது, அவ்வளவுதான். போன நினைவு திரும்பல. சிலருக்கு மூளையில் வீக்கம், ரத்தக்கசிவுகூட வந்தது. இன்னொரு பக்கம், மூளை நிறைய திட்டு இருந்தும் கடைசிவரை தெளிவா வாழ்ந்த முதியவர்களும் இருக்காங்க. மறதியின் அளவு திட்டுகளைவிட டாவ் முடிச்சுகளோடதான் அதிகம் ஒத்துப்போகுது.

பெரிய சிக்கல் நேரம்தான். மறதி தெரியுறதுக்கு 15, 20 வருஷம் முன்னாடியே படிய ஆரம்பிச்சுடும். 70 வயசுல சாவியை எங்க வெச்சோம்னு தேடுறவருக்கு, முதல் படிகம் 50 வயசுலயே உட்கார்ந்திருக்கலாம். அதனாலதான் அறிகுறியே இல்லாதவங்களுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனைகள் இப்போ நடக்குது.