நோயற்ற ஆண்டின் கணக்கு

மருத்துவமனையில் ஒருவன் உயிர் பிழைத்தால், அவனும் அவன் சுற்றத்தாரும் வைத்தியரைப் போற்றுவர். நுளம்பு கடியாமையால் நோயே காணாத ஒருவன் யாரைப் போற்றுவான்? தனக்கு நேரவிருந்தது இன்னதென்பதை அவனே அறியான். பொதுச் சுகாதாரப் பணியின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. அரசாங்க சேவையிலுள்ள பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பராதலின், நம் நாட்டு மலேரியாவின் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாய்த் தேங்க, அவற்றில் நுளம்பு பெருகியது. 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாவினால் இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். 1946 அளவில் வீடுகள்தோறும் டி.டி.ரி. தெளிக்கும் வேலை பரவியது. 1963இல் நாடு முழுவதிலும் காணப்பட்ட நோயாளர் 17 பேரே.

நோயில்லாத இடத்துக்குப் பணம் எதற்கு என்று திறைசேரி கேட்பது இயல்பு. கேட்டவரைக் குறைகூற நமக்கும் மனமில்லை. தெளித்தல் படிப்படியாக நின்றது. காய்ச்சற்காரரைத் தேடிச்சென்று இரத்தம் சோதிக்கும் பணியும் தளர்ந்தது. 1967இல் நோய் மீண்டும் தலையெடுத்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. நுளம்பு மருந்துக்குப் பழகிவிட்டமையும் பின்னர் ஒரு காரணமாயிற்று. எனினும் காவலைத் தளர்த்தியமையே முதற் காரணம் என்பது எம் கருத்து. வேலையைச் செவ்வனே முடித்த பகுதிக்குக் கிடைத்த பரிசு பணக்குறைப்பு. நோய் பெருகியதும் பணம், ஆள், வாகனம் யாவும் வந்தன. இத்தகைய ஏற்பாட்டில் ஊழியருக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்?

நோயாளர் தொகையைக் கொண்டு ஊழியரை அளத்தல் ஆகாதெனின், செய்த வேலையைக் கொண்டு அளக்கலாமா? அதிலும் ஓர் ஆபத்துண்டு. மாதத்துக்கு இத்தனை இரத்தப் பரிசோதனை என்று விதித்தால், காய்ச்சலே இல்லாத பள்ளிப்பிள்ளைகளின் விரலைக் குத்தி எண்ணை நிரப்பிவிடலாம். (பிள்ளைகள் அழுவது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.) ஆதலின் தொகையோடு தரத்தையும் பார்த்தல் வேண்டும். நோய் இல்லையென்று ஒருவர் கண்ட கண்ணாடித் தகட்டைப் பிறிதொருவர் மீண்டும் சோதித்தல் அதற்கு ஒரு வழி. நோய் கண்டவரின் வீட்டுக்கே சென்று அது எங்கிருந்து தொற்றியதென விசாரித்தல் மற்றொன்று. மலேரியாத் தடை இயக்கத்தார் இவ்விரண்டையும் கைக்கொண்டனர்; போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் கூட அவர்கள் பணி அற்றுப்போகவில்லை. உள்நாட்டிலே தொற்றிய நோயாளர் 2012 ஒக்ரோபருக்குப் பின் காணப்படாமையால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா நீங்கிய நாடென அறிவித்தது.

காவலை அதன்பின்னும் நிறுத்தவில்லை. 2018 இறுதியில் மொனராகலைப் பகுதியில், வெளிநாட்டிலிருந்து நோயுடன் வந்த தொழிலாளர் ஒருவர் வழியாக உள்ளூரவர் ஒருவருக்குத் தொற்றியபோது, அதனைக் கண்டுபிடித்தவர் அந்நோயற்ற ஆண்டுகளிலும் வேலையில் வைத்திருக்கப்பட்ட ஊழியரே. மன்னாரில் நகரக் கிணறுகளிலும் வளரவல்ல புதிய மலேரியா நுளம்பினம் ஒன்று காணப்பட்ட செய்தி 2017இல் வெளியாயிற்று. கிணறு கிணறாய் எட்டிப் பார்த்து, ‘குடம்பி இல்லை’ என்று எழுதிவரும் ஊழியரின் பதிவேட்டைத்தான் இனித் திறைசேரியார் வாசிக்கவேண்டியிருக்கும்.