கடைசியாகத் தெரிந்துகொள்பவர் வேன் டிரைவர்

பார்சல் நிறுவனம் ஒன்று மறுசீரமைப்பில் இறங்கினால் முதலில் கை வைப்பது டிப்போக்களில்தான். அடுத்தடுத்த ஊர்களில் இருக்கும் இரண்டு டிப்போக்களை ஒன்றாக்குவது, இரவில் சரக்கு பிரிக்கும் மையங்களைக் குறைப்பது, வேன்களின் வழித்தடங்களை மாற்றுவது, சம்பளக்காரர் பார்த்த வேலையை ஒப்பந்தக்காரரிடம் விடுவது என்று அது நீளும். இந்தத் தொழிலின் கணக்கு அப்படி. வேனில் நூறு பெட்டி போனாலும் நூற்றைம்பது போனாலும் டிரைவர் கூலி, டீசல், டிப்போ வாடகை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். பெட்டி குறைந்தால் லாபம் அப்படியே கரைந்துவிடும். அந்தச் சேதியை வேலை செய்பவர்களிடம் யார், எப்போது, எப்படிச் சொல்வது என்பதில்தான் நிர்வாகங்கள் தடுமாறுகின்றன.

அலுவலக ஊழியர்களை ஓர் அறையில் கூட்டிச் சொல்லிவிடலாம். பார்சல் நிறுவனத்தில் அதற்கு வழியில்லை. இரவு ஷிப்டில் பெட்டி பிரித்தவர் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் வேன் டிரைவர் உள்ளே வருகிறார். வேன்கள் புறப்படுவதற்கு முந்தைய பத்து நிமிடமே பேச்சுக்குக் கிடைக்கும் நேரம். மேலாளர் கன்வேயர் பக்கத்தில் நின்று, தலைமை அலுவலகம் அனுப்பிய தாளைப் பார்த்து வாசிக்கிறார். பெல்ட் ஓடும் சத்தத்தில் பின்னால் நிற்பவருக்குப் பாதி காதில் விழாது. தூரத்து ஊர்களுக்குப் போகிறவர்கள் சரக்கை ஏற்றிக்கொண்டு ஏற்கெனவே கிளம்பியிருப்பார்கள். கேட்டவர் கேட்காதவருக்குச் சொல்லி, மதியத்துக்குள் ஒரே அறிவிப்பு நாலு விதமாகிவிடும்.

அதற்கும் முன்பே சேதியின் வாசனை டிப்போவுக்கு வந்திருக்கும். பார்சல் தொழிலில் நிறுவனத்தின் வியாபாரத்தைத் தினமும் கையால் எண்ணிப் பார்ப்பவர்கள் தொழிலாளர்களே. இரவில் வரும் டிரெய்லர் பாதி காலியாக இருப்பது அதன் கதவைத் திறக்கிறவருக்குத் தெரியும். ஒரு பெரிய கடையின் பெட்டிகள் திடீரென்று வராமல் நின்றதை ஸ்கேனர் பிடிக்கிறவர் முதல் நாளே கண்டுகொள்வார். உடைந்த கண்ணாடியை மாற்றாமல் வேன் மூன்று வாரம் ஓடுகிறது என்றால் பணம் எங்கோ இறுகிவிட்டது என்று டிரைவருக்குப் புரியும். “கவலைப்பட ஒன்றுமில்லை” என்ற சுற்றறிக்கை இவர்களிடம் எடுபடாது. ஒருமுறை அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்ட மேலாளர் பிறகு உண்மையே சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

நிர்வாகத் தரப்பு சொல்லும் நியாயமும் ஒன்று உண்டு. நிறுவனம் தள்ளாடுகிறது என்ற பேச்சு வெளியே போனால், சரக்கு கொடுக்கும் கடைகள் மறுநாளே வேறு நிறுவனத்துக்கு மாறிவிடும், பிறகு காப்பாற்ற எதுவும் மிஞ்சாது என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த மௌனத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. 1992-ஆம் ஆண்டின் தொழிற்சங்க, தொழிலுறவுச் சட்டப்படி, ஒரே இடத்தில் 90 நாட்களுக்குள் 20 பேரையோ அதற்கு மேலோ ஆட்குறைப்பு செய்ய நினைக்கும் முதலாளி, தொழிற்சங்கத்தோடு அல்லது ஊழியர்களின் பிரதிநிதிகளோடு முன்கூட்டியே கலந்து பேச வேண்டும். முதல் பணிநீக்கத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அந்தப் பேச்சு தொடங்க வேண்டும். எண்ணிக்கை 100-ஐத் தொட்டால் 45 நாள். 2013 வரை இது 90 நாளாக இருந்தது. ஏன் நீக்குகிறார்கள், எத்தனை பேரை, எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதெல்லாம் எழுத்தில் தரப்பட வேண்டும். அரசுக்கும் தனியாக அறிவிப்பு போக வேண்டும்.

இந்தச் சட்டம் இருந்த நாட்டில்தான் 2014 டிசம்பர் 24 அன்று பெரிய பார்சல் நிறுவனம் ஒன்று திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. சேதி வெளியே வந்தது மறுநாள், கிறிஸ்துமஸ் அன்று. தங்கள் வேலை ஆட்டம் கண்டதைப் பலர் தொலைக்காட்சிச் செய்தியில்தான் தெரிந்துகொண்டார்கள். முந்தைய நாள் மாலைவரை மற்றவர் வீட்டுப் பரிசுப் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் அவர்கள். ஊழியர்கள் 2,700-க்கும் மேல். ஆண்டு முடிவதற்குள் அவர்களில் 2,300-க்கும் அதிகமானவர்களுக்கு வேலை இல்லை என்று அறிவிக்கப்பட்டது. ஆட்குறைப்பை அரசுக்கு முன்கூட்டியே தெரிவிக்கவில்லை என்று முன்னாள் இயக்குநர்கள் மூவர்மீது வழக்கு நடந்தது. நிறுவனத்தை விற்றுக் காப்பாற்ற முடியும் என்ற நம்பிக்கை அவர்களுக்குக் கடைசிவரை இருந்ததை ஏற்று, 2015 நவம்பரில் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

சம்பள ஊழியர்களின் கதை இதோடு ஓரளவு முடிகிறது. முதலாளி கைவிரித்தால் சட்டப்படியான ஆட்குறைப்புத் தொகையையும் சம்பள பாக்கியில் ஒரு பகுதியையும், ஓர் உச்சவரம்புக்குள், பிரிட்டன் அரசின் தேசியக் காப்பீட்டு நிதி தந்துவிடும். இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லாத கூட்டம் ஒன்று அதே டிப்போவில், அதே பெல்ட்டின் பக்கத்தில் நிற்கிறது. அவர்கள்தான் ஒப்பந்த டிரைவர்கள். போட்டிருப்பது நிறுவனத்தின் சீருடை, வேனில் இருப்பது நிறுவனத்தின் பெயர். ஆனால் வேனின் தவணை, காப்பீடு, டீசல் எல்லாம் அவர்கள் தலையில். ஏட்டில் அவர்கள் சுயதொழில் செய்பவர்கள்.

நவம்பரும் டிசம்பரும் அவர்களுக்கு அறுவடைக் காலம். பண்டிகை நெரிசலுக்காகக் கூடுதல் வேன் எடுப்பார்கள், கூடுதல் ஆள் போடுவார்கள், கைக்காசைச் செலவழிப்பார்கள். வேலை முடித்து பில் கொடுத்த பிறகே பணம் வரும் என்பதால், ஆண்டிலேயே பெரிய பில் நிலுவையில் நிற்பது டிசம்பர் கடைசியில். நிறுவனம் அந்த வாரத்தில் விழுந்தால் அவர்கள் பிணை எதுவும் இல்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசைக்குப் போய்விடுகிறார்கள். பிணை வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவர்கள் எடுத்த பிறகு மிஞ்சினால்தான் இவர்களுக்கு. 2014-இல் பலருக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு பாக்கி நின்றது. பணம் வராவிட்டாலும் வேன் தவணை ஜனவரியில் வந்து நிற்கும். 2015 மார்ச்சில் வெளியான நாடாளுமன்றக் குழுக்களின் அறிக்கை இவர்களுடைய நிலையைத் தனியாக எடுத்துப் பேசியது.

சேதி கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்கலாம். இரண்டாவது வேனை எடுத்திருக்க மாட்டார்கள். வாரா வாரம் பணம் கேட்டிருப்பார்கள். சிலர் வேறு நிறுவனத்துக்கு வேன் ஓட்டப் போயிருப்பார்கள். நிர்வாகம் பயப்படுவதும் இதற்காகத்தான். ஒப்பந்தக்காரர் அறியாமல் இருப்பது நிறுவனத்துக்கு லாபம் என்ற நிலை இருக்கும்வரை, அவரிடம் எதையும் முன்கூட்டிச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

நல்ல அறிவிப்புக்குப் பெரிய வார்த்தைகள் தேவையில்லை. எந்த டிப்போ, எந்தத் தேதி, எத்தனை பேர், எப்படித் தேர்வு, அடுத்த தகவல் எந்தக் கிழமை என்பது போதும். இன்னும் முடிவாகாததை முடிவாகவில்லை என்றே சொல்லலாம். பெல்ட்டை நிறுத்திவிட்டு, எல்லா ஷிப்டுக்கும் ஒரே நாளில், ஒரே தாளைப் படிக்க வேண்டும். ஒப்பந்த டிரைவருக்கான வரி அதே தாளில், கொடுக்க வேண்டிய பாக்கியும் அது கிடைக்கும் தேதியும் சேர்த்து இருக்க வேண்டும். சட்டம் இன்றும் அதைக் கேட்பதில்லை. முன்கூட்டிப் பேச வேண்டியது ஊழியர்களைப் பற்றி மட்டும், எண்ணிச் சொல்ல வேண்டியதும் ஊழியர்களை மட்டுமே.