ஒரே சாவி, ஒன்பது பூட்டு



போன வருஷம் எங்க அக்கா பிளஸ் டூ முடிச்சிட்டு சென்டாக்கில் விண்ணப்பம் போட்டிருந்தாள். ஒருநாள் ராத்திரி அம்மா போனில் அவள் மெயிலைத் திறந்தபோது குரோம் ஒரு எச்சரிக்கை காட்டியது. பாஸ்வேர்ட் எங்கேயோ கசிஞ்சிருக்கு, உடனே மாத்துங்க என்று இருந்தது. அப்பா கம்பெனியில் நைட் ஷிப்ட். அம்மா பயந்துபோய், "போனை ஆப் பண்ணுடி, காசு போயிடப் போவுது" என்றார்கள். அக்கா, "இது சும்மா விளம்பரம்மா" என்று சொல்லி மூடிவிட்டாள். ரெண்டுமே தப்பு. மறுநாள் கம்ப்யூட்டர் மிஸ்ஸிடம் கேட்டதையும் நான் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்த எச்சரிக்கைக்கு, நம்ம போனுக்குள்ளே யாரோ புகுந்துட்டாங்கன்னு அர்த்தம் இல்லை. எங்கேயோ ஒரு இணையதளத்தில் இருந்து பாஸ்வேர்ட் பட்டியல் திருடு போயிருக்கு, நாம வச்சிருக்கிற பாஸ்வேர்ட் அதில் இருக்கு என்றுதான் அர்த்தம். பட்டியல் கையில் கிடைத்தவன் சும்மா இருப்பானா? அதே மெயில், அதே பாஸ்வேர்டை வேற வேற இடங்களில் ஒவ்வொரு பூட்டாகப் போட்டுப் பார்ப்பான். அதுவும் கையால் இல்லை, கம்ப்யூட்டரை விட்டு.

படிச்சவங்களே இதில் மாட்டியிருக்காங்க. 2015-ல் 000வெப்ஹோஸ்ட் என்ற தளத்தின் பட்டியல் வெளியே வந்தது. பாஸ்வேர்ட் எல்லாம் மறைக்காமல் அப்படியே இருந்தன. அதில் சொமேட்டோ கம்பெனி இன்ஜினியர் ஒருவருடையதும் இருந்தது. கம்பெனி புரோகிராம்களை வைக்கும் கிட்ஹப் கணக்குக்கும் அவர் அதே பாஸ்வேர்டைத்தான் போட்டிருந்தார். திருடன் அந்த வழியாகப் போய் புரோகிராமைப் படித்து, ஓட்டை கண்டுபிடித்து, 1 கோடியே 70 லட்சம் பேர் விவரத்தை எடுத்துவிட்டான். 2017 மே மாதம் இது வெளியே தெரிந்தது. எப்படி நடந்தது என்று கம்பெனியே சொன்னது.

"அப்போ நம்ம பாஸ்வேர்ட் குரோமுக்குத் தெரியுமா?" என்று நான் கேட்டேன். நல்ல கேள்வி என்றார் மிஸ். (வகுப்பில் எனக்கு இப்படிக் கிடைப்பது அபூர்வம்.) ஆஸ்திரேலியாவில் டிராய் ஹன்ட் என்பவர் கசிந்த பட்டியல்களைச் சேர்த்து 2013-ல் ஒரு தளம் தொடங்கினார். அதில் நம்ம பாஸ்வேர்டைப் புரியாத 40 எழுத்துகளாக மாற்றி, முதல் 5 எழுத்தை மட்டும் அனுப்புவார்கள். அந்த 5 எழுத்தில் தொடங்கும் எல்லாம் திரும்பி வரும். நம்முடையது இருக்கா என்று நம்ம பக்கமே பார்த்துக்கொள்ளும். 605107 என்று பின்கோடு மட்டும் சொல்லி, திருபுவனைக் கடிதம் மொத்தத்தையும் வாங்கி வந்து வீட்டில் தேடுவது மாதிரி. எந்த வீடு என்று தபால்காரருக்கே தெரியாது! குரோம் 2019 டிசம்பரில் இருந்து வேறு ஒரு முறையில் பார்க்கிறது. அதுவும் பாஸ்வேர்டை அப்படியே அனுப்புவதில்லை.

பொய் எச்சரிக்கையும் உண்டு. "உங்கள் போனில் வைரஸ், இந்த நம்பருக்குப் பேசுங்கள்" என்று கத்தும். ஓடிபி கேட்கும். அதைத் தொடவே கூடாது. சந்தேகமா இருந்தா மூடிட்டு, நாமே குரோம் செட்டிங்ஸில் பாஸ்வேர்ட் மேனேஜருக்குப் போய் சரிபார்க்கலாம். பணம் போயிட்டா உடனே 1930-க்கு போன் செய்யணும்.

அன்று சாயங்காலம் நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். அக்கா ஒன்பது இடத்தில் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்தாள். அவள் பேரும் பிறந்த வருஷமும்! முதலில் மெயிலை மாத்தினோம். ஏன்னா மத்த இடத்தில் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று அழுத்தினால் புதுச் சாவி மெயிலுக்குத்தான் வரும். சென்டாக் சேதியும் அதில்தான் வரும். வேற எவனாவது அதைத் திறந்திருந்தால் அக்கா படிப்பு என்ன ஆகியிருக்கும்? கடைசியில் 1 சேர்த்தால் போதாதா என்றாள். போதாது, திருடனும் முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு வார்த்தை சேர்த்து, இடத்துக்கு ஒன்றாக வைத்தோம். ஒரு நோட்டில் எழுதியிருக்கிறோம். நோட்டு எங்கே இருக்கு என்று சுவரில் எழுத மாட்டேன்!

எட்டு மாத்தியாச்சு. ஒன்பதாவது ஒரு வளையல் கடைத் தளம். அது இப்போ திறக்கவே மாட்டேங்குது, மாத்தவும் வழியில்லை. பழைய பாஸ்வேர்ட் அங்கேயே கிடக்கிறது.

- 9-ஆம் வகுப்பு மாணவி