போலீஸ் ரேடியோவின் ரகசியச் சாவி எவ்வளவு குட்டி, தெரியுமா?

ஐரோப்பாவில் போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்புப் படை எல்லாம் பேசிக்கொள்ளும் டிஜிட்டல் ரேடியோவுக்கு டெட்ரா என்று பெயர். இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. அதன் மறையாக்கச் சூத்திரங்களைக் கால் நூற்றாண்டுக்கும் மேலாக யார் கண்ணிலும் காட்டாமல் பொத்திவைத்திருந்தார்கள், தெரியுமா? நெதர்லாந்தின் மிட்நைட் ப்ளூ நிறுவனத்து ஆய்வாளர்கள் மூவர் ஒரு மோட்டோரோலா ரேடியோவை வாங்கிக் குடைந்து, சூத்திரங்களையே வெளியே எடுத்துவிட்டார்கள்!

2023 ஜூலையில் விஷயம் அம்பலமானது. டீஇஏ1 என்ற சூத்திரத்துக்கு 80 பிட் சாவி. அதாவது 1 போட்டு 24 சைபர் சேர்த்தால் வருகிற எண்ணையும் தாண்டும் அத்தனை சாவிகள்! ஆனால் உள்ளே ஒரு படியில் அது சத்தமில்லாமல் 32 பிட்டாகச் சுருங்குகிறது. மிஞ்சுவது சுமார் 429 கோடி. கோடி என்றதும் மலைக்காதீர்கள், சாதாரண லேப்டாப்புக்கு ஒரு நிமிஷ வேலைகூட இல்லை! 'அந்தக் கால ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்காக அப்படி. புறவாசல் எல்லாம் இல்லை' என்கிறது டெட்ரா தரத்தை வகுத்த எட்சி அமைப்பு. 80 என்று சொல்லி 32 கொடுத்தால் வேறென்ன பெயராம்?

இன்னொன்று கேளுங்கள். வலையமைப்பு அறிவிக்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் டெட்ரா மறையாக்கம் செய்கிறது. 'இப்போது மணி இத்தனை' என்று சொல்வது நிஜக் கோபுரமா, போலியா என்று ரேடியோ சரிபார்ப்பதே இல்லை! நேற்றுப் பேசியதைப் பதிவுசெய்துவைத்து, இன்று போலிக் கோபுரம் வழியே நேற்றைய மணியைச் சொன்னால், நேற்றைய பேச்சை மறைக்கப் பயன்பட்ட அதே மறைத்தொடரை ரேடியோ மறுபடி உருவாக்கும். சாவி தெரியாமலே பேச்சைப் பிரிக்கலாம்! இதற்கு மென்பொருள் திருத்தம் உண்டு. டீஇஏ1 ஓட்டைக்கு அதுவும் இல்லை.

மேலே கூடுதல் மறையாக்கம் போட்டால் தப்பிக்கலாமா? 2025இல் அதே ஆய்வாளர்கள் அப்படி ஒரு கருவியையும் பிரித்தார்கள். 128 பிட் சாவி, உள்ளே 56!

அமெரிக்காவின் பி25 என்ற போலீஸ் ரேடியோவின் கதை வேறு. அங்கே ஒரு மாடலின் திருகுகுமிழில் வெறும் வட்டம் என்றால் மறையாக்கம் இல்லை, குறுக்குக்கோடு போட்ட வட்டம் என்றால் உண்டு. அவசரத்தில் யார் பார்ப்பார்கள்? மறையாக்கம் இருப்பதாக நம்பி, அதிகாரிகள் ரகசியங்களை வெட்டவெளியில் பேசிக்கொண்டிருந்ததைப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டார்கள். பேச்சையே முடக்கவும் முடியுமாம்: 1728 பிட் சட்டகத்தில் 64 பிட்டைக் கெடுத்தால் போதும். அதற்கு அவர்கள் எடுத்த கருவி? சிறுமிகள் மெசேஜ் அனுப்பி விளையாடும் இளஞ்சிவப்புப் பொம்மை!