பட்டாளத்துக் கத்தியைத் தரம் பார்ப்பது எப்படி?

பூண்டு கொள்முதலுக்காகக் கிளாவரைக்கு நாம் சென்று வருவது நாற்பது ஆண்டு வழக்கம். சென்ற முறை மூட்டைகள் எடை முடிந்ததும், நமக்கு வழக்கமாகச் சரக்குப் போடும் விவசாயி ஒருவர் சாக்கில் சுற்றிய கத்தியொன்றை எடுத்து வைத்தார். கூர்க்கா சிப்பாய்களின் குக்ரி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் வந்தால் தப்பிச் செல்வதற்கென்று சீர் செய்யப்பட்ட கொடைக்கானல்-மூணாறு 'எஸ்கேப் ரோடு' அந்த மலைப்பக்கம்தான். அங்கு வந்த பட்டாளத்தார் விட்டுப்போனது என்று அவர் தகப்பனார் சொல்வாராம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு விற்க நினைக்கிறார். வெளியூர் ஆள் ஒருவர் ஐந்நூறு ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார்.

இவ்வகைச் சரக்கு நம் அங்கத்தினர் கடைகளுக்கும் வருவதுண்டு. கதையை விட்டுவிட்டு இரும்பைப் பார்க்க வேண்டும். சிங்கத்தலைப் பிடியும், அலகில் பூவேலையும், 'இந்தியா' என்ற எழுத்தும் இருந்தால் அது சுற்றுலாப் பயணிக்குச் செய்தது. (நாமே இளவயதில் அப்படி ஒன்றை நல்ல விலைக்கு வாங்கி ஏமாந்தோம்.) சர்க்கார் கத்தியில் அம்புக்குறியும் அதன்கீழ் ஆங்கில 'ஐ' எழுத்தும், பெரும்பாலும் ஆண்டும் அடித்திருக்கும். முத்திரைப் பள்ளத்துக்குள்ளும் அலகின் கருமையே இருக்க வேண்டும். உள்ளே பளபளத்தால் அது நேற்று அடித்த முத்திரை. பழைய துரு கறுத்து இறுகியிருக்கும். அமிலம் தடவி வரவழைத்த துரு செம்மஞ்சளாய், எங்கும் ஒரே சீராய், விரலில் ஒட்டும். பிடியின் மரம் காலத்தில் சுருங்குவதால், நடுவிலுள்ள இரும்பு மயிரிழை மேலே நிற்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்துக்குத் தட்டும்.

நம்மவர் கத்தியில் இவையெல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் நாம் வருகிறோம் என்று முந்தின நாள் அவர் மகன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறான்! ஆண்டில் 191 வரைதான் தெரிகிறது. கடைசி எண் போயே போய்விட்டது. தகப்பனார் சொன்ன போருக்கும் முந்தைய கத்தி. சேகரிப்பவர்கள் விலை கொடுப்பது பழைய மேனிக்குத்தான். லேசாக எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். தோல் உறையில் போட்டே வைத்தால் ஈரம் கோத்து அரிக்கும். கிளாவரைப் பனிக்குச் சொல்லவே வேண்டாம்.

அதற்காக லட்சங்களை எதிர்பார்க்கவும் முடியாது. 2003-ல் காத்மாண்டு அரண்மனைக் கிடங்கின் பழைய ஆயுதங்களை அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கியபின் ஆயிரக்கணக்கில் குக்ரிகள் சந்தைக்கு வந்துவிட்டன.

சட்டமும் உண்டு. நூறாண்டு கடந்த பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ செய்யப்படாத கத்தியின் அலகு 9 அங்குலத்துக்கு மேற்பட்டால் ஆயுத விதிகளிலும் அது வரும். கடையில் தொங்கவிடும் முன் யோசிக்கவும்.

ஐந்நூறுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி, கட்டணத்துக்கு அடுத்த போகப் பூண்டின் பேரில் முன்பணம் கொடுத்து வந்தோம். கத்தி அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது.