படரும் தாமரையும் ஏமாற்றும் களிம்பும்

கோடைப் பிற்பகலில் ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை மின்சார ரயிலில் நின்றுகொண்டே பயணம் செய்திருக்கிறீர்களா? சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வியர்வை வழியும், ஆனால் உலராது. காரணம் உங்கள் பௌதிகப் பாடத்திலேயே இருக்கிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுந்திருந்தால், ஆவியாதல் மந்தமாகிவிடும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் நாடா இறுக்கும் இடம் ஆகியவற்றில் காற்றோட்டமும் இல்லை. தொழிற்பேட்டையில் கனத்த காலணியோடு நாளெல்லாம் நிற்பவரின் கால்விரல் இடுக்கும் அப்படித்தான். படர்தாமரை குடியேற இதைவிட வசதியான இடம் வேறில்லை.

'ரிங்வோர்ம்' என்று ஆங்கிலேயர் பெயர் வைத்தார்கள். ஆனால் இதில் புழுவே கிடையாது. இது ஒருவகைப் பூஞ்சை. தோலின் மேலடுக்கு, முடி, நகம் ஆகியவற்றிலுள்ள கெரட்டின் என்னும் புரதமே இதன் உணவு. ஓரிடத்தில் தொடங்கி எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் பரவுகிறது, ஆகவே வட்டம். குளத்தில் கல் எறிந்தால் அலை விரிவதுபோல! உடலின் எதிர்ப்பால் நடுப்பகுதி தெளிகிறது. சிவந்து செதிலுதிர்க்கும் விளிம்பு முன்னேறிக்கொண்டே போகிறது.

எங்கள் துறைக்காரர் ஒருவருக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்க இயற்பியலறிஞர் ராபர்ட் வுட், 1903-இல் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துப் புறஊதாக் கதிரை மட்டும் விடும் வடிகட்டியை அமைத்தார். 1925-இல் மருத்துவர்கள் அதைத் தலைமுடியில் பிடித்துப் பார்த்தார்கள். சிலவகைப் பூஞ்சை பற்றிய முடிகள் பச்சையாக ஒளிர்ந்தன! ஆனால் நம் ஊரில் மிகுதியாகக் காணும் டிரைக்கோஃபைட்டான் வகை பெரும்பாலும் ஒளிர்வதில்லை. எனவே மருத்துவர் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு, நுண்ணோக்கியில் பார்க்கிறார். கெரட்டின் கரைந்துவிடும், பூஞ்சையின் இழைகள் மட்டும் எஞ்சி நிற்கும்.

இனி முக்கியமான சேதி. கடையில் கேட்டு வாங்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். உண்மையில் அடங்கியது பூஞ்சையன்று. அதை எதிர்த்த நம் உடலின் காவல்தான்! பூஞ்சை தடையின்றிப் பரவும், தோலும் மெலியும். இதனாலேயே 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று ஆணையிட்டது. குழாயின் மேலுள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்றிருந்தால் நீங்களாகத் தடவாதீர்கள்.

இதற்கிடையே பூஞ்சையும் மாறிவிட்டது. இந்தியாவிலும் நேபாளத்திலுமிருந்து சென்ற நோயாளிகளிடம் கண்ட ஒரு வகைக்கு, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-இல் 'டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டீனியே' என்று பெயரிட்டனர். வழக்கமான டெர்பினாஃபின் மருந்துக்கு இது பலமுறை அசைவதில்லை. 2023-இல் நியூயார்க்கிலும் தென்பட்டது. நம் நாட்டின் பெயர் இப்படியா உலகம் சுற்ற வேண்டும்!

எல்லா அரிப்பும் படர்தாமரையன்று. இரவில் மிகுந்து, விரலிடுக்கில் கொப்புளமாகத் தோன்றினால் அது சிரங்காக இருக்கலாம். அதற்குக் காரணம் நுண்ணிய பேன்போன்ற பூச்சி, மருந்தும் வேறு. பார்த்துச் சொல்ல வேண்டியவர் தோல் மருத்துவர்; நானுமல்ல, கடைக்காரருமல்ல.

அவர் தரும் களிம்பை வளையத்தின் மேல் மட்டுமன்றி, விளிம்புக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை தடவுங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்தாமல், சொன்ன நாள்வரை தொடருங்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே துண்டு என்றால், இன்றே இரண்டாக்கிவிடுங்கள்.