முதல் பணிக்கு முன்...

"முன் அனுபவம் உண்டா?" என்ற கேள்வியிலேயே இளைஞர் பலரின் ஃப்ரீலான்சிங் முயற்சி முடங்கிவிடுகிறது. அனுபவம் இல்லாதவரும் தமக்கு வேலை தெரியும் என்பதற்குச் சான்று காட்ட முடியும். மொழிபெயர்ப்பாளராக விரும்புபவர், ஆங்கில அரசு அறிவிப்புகள் மூன்றைத் தமிழாக்கி, மூலத்துடன் மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் பார்ப்பது அதைத்தான்.

அனுபவமின்மையைப் பயன்படுத்திக் கொள்வோரும் உண்டு. தேர்வு என்ற பெயரில் முழுப் பணியையும் இலவசமாகக் கேட்பவரையும், வேலை தருவதற்குப் பதிவுக் கட்டணம் கேட்பவரையும் தவிர்ப்பதே நல்லது.

மாத ஊழியருக்கு ஊதியச் சட்டங்கள் தரும் பாதுகாப்பு, தனித்துப் பணிபுரிபவருக்குக் கிடைப்பதில்லை. ஒப்பந்தமே அவருக்கு அரண். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி உடன்பாடும் செல்லும் என்றாலும், அதை மெய்ப்பிப்பது கடினம். எனவே, பணியின் அளவு, கெடு, தொகை, எத்தனை முறை திருத்தித் தருவது, பணம் தரவேண்டிய நாள் ஆகியவற்றை மின்னஞ்சலில் எழுதி, வாடிக்கையாளரின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஒரு பகுதியை முன்பணமாகக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

முதல் பணியில் கட்டணம் குறைவாக இருக்கலாம். நிபந்தனைகளில் தெளிவு குறையக் கூடாது.